ஹாக்கிங்கின் மூளையைப் படித்த மெஷினா? வாட்ஸ்அப் கதையும் நிஜமும்

மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது: "மோட்டார் நியூரான் நோயில் பேச்சு போனால் அறிவும் போய்விடும். ஸ்டீபன் ஹாக்கிங்குக்காகப் பேசியது, அவர் மூளையைப் படித்த மெஷின்."

இரண்டுமே தவறு. மோட்டார் நியூரான் நோய், தசைகளை இயக்கும் நரம்பு செல்களைப் படிப்படியாகச் செயலிழக்க வைப்பது; இயற்பியல் அறிஞர் ஹாக்கிங்குக்கு இருந்தது அதுதான். 1985-ல் மூச்சுக்குழாயில் செய்த அறுவை சிகிச்சையில்தான் ஹாக்கிங்கின் பேச்சு முழுதாகப் போனது. முதலில் கையால் ஒரு சுவிட்சை அழுத்தி வார்த்தைகளைத் தேர்ந்தெடுத்தார். பின்னாளில் கன்னத் தசை அசைவதை, மூக்குக் கண்ணாடியில் பொருத்திய சென்சார் பிடித்தது. மூளையை எதுவும் படிக்கவில்லை.

இந்நோயில் சிலருக்குச் சிந்தனையும் பாதிக்கப்படுவது நிஜம். ஆனால் பேச்சு நின்றதை வைத்து அப்படி முடிவு கட்டக் கூடாது. கண் தசைகள் பெரும்பாலும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கும். கண்ணால் டைப் செய்ய முடிவது அதனால்தான். 2024-ல் வந்த ஐபோன் மென்பொருளான ஐஓஎஸ் 18-லேயே கண்ணால் போனை இயக்கும் வசதி உண்டு.

ஐபோனுக்கு எங்கே போவது என்கிறீர்களா? சரி, செல்லூரில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் ஓர் எழுத்து அட்டை போட்டுக்கொள்ளுங்கள்: மெய் 18 மூன்று வரிசை, உயிர் 12 இரண்டு வரிசை. நீங்கள் எழுத்துகள் மேல் விரல் வைத்துக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வந்ததும் நோயாளியான அப்பத்தா கண் சிமிட்டுவார். முதலில் 'த்', அப்புறம் 'அ'. உடனே தண்ணீர் எடுக்க ஓடாதீர்கள். அப்பத்தா தலையணையை மாற்றச் சொல்லியிருக்கலாம்.