ஒரு நட்சத்திரக் குறியும் ஒரு பழைய விகுதியும்

"ரஷ்ய மொழியில் 'வியேதத்' என்றால் அறிதல். நம்ம வேதம்தான் அங்கே போயிருக்கிறது." இப்படி ஒரு பதிவு அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒலி ஒத்துப்போவது நிஜம். ஆனால் போனது வந்தது என்பதெல்லாம் கதை.

ரஷ்யன், செக், போலிஷ் எல்லாவற்றுக்கும் தாயான மூல ஸ்லாவியத்தில் அந்த வினை *வேதேதி. முன்னால் இருக்கும் நட்சத்திரக் குறிக்கு, 'எழுத்தில் கிடைக்கவில்லை, ஒப்பிட்டுக் கணித்தது' என்று பொருள். 863இல் சிரில், மெத்தோடியஸ் என்ற கிறிஸ்தவ மதபோதகர்கள் மொராவியாவுக்கு (இன்றைய செக் நாட்டுப் பகுதி) போன காலத்தை ஒட்டித்தான் ஸ்லாவியம் எழுத்தையே பார்க்கிறது.

இதன் வேருக்கு முதல் பொருள் 'பார்'. பார்த்து முடித்த நிலைதான் அறிவு. நாமும் "யார் கண்டது?" என்றால் 'யாருக்குத் தெரியும்' என்றுதானே அர்த்தம்? உறவில்லாத மொழி, ஆனாலும் அதே புத்தி. ஸ்லாவியத்தில் *வீதேதி 'பார்', *வேதேதி 'அறி'. ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம்.

எனக்குப் பிடித்த சாட்சி, ஸ்லாவியத்தின் முதல் எழுத்து மொழியான பழைய சர்ச் ஸ்லாவியத்தில் இருக்கிறது. அங்கே 'எனக்குத் தெரியும்' என்பதற்கு 'வேமி' என்பதோடு 'வேதே' என்றும் ஒரு வடிவம் உண்டு. அந்தக் கடைசி 'ஏ' ஒரு பழங்கால வினைமுற்று விகுதி. ஸ்லாவியத்தில் வேறெந்த வினையிலும் அது மிஞ்சவில்லை. அதற்கு ஜோடி லத்தீனின் 'வீதீ' (பார்த்தேன்). சமஸ்கிருதத்தின் 'வேத' (அறிவேன்) வடிவத்தில் இருப்பதோ வேறு விகுதி. கடன் வாங்குகிறவர்கள் நம்மைப் போல 'வேதம்' என்று பெயர்ச்சொல்லை வாங்குவார்கள். கடன் கொடுத்ததாகச் சொல்லும் 'வேத' வடிவத்திலேயே இல்லாத விகுதியை அதிலிருந்து எப்படி வாங்குவது? இவை இந்தோ-ஐரோப்பிய மூலமொழி என்ற ஒரே பாட்டியின் பேத்திகள், அவ்வளவுதான்.

ஒலியை மட்டும் நம்பினால் சொந்த மொழிக்காரர்களே சறுக்குவார்கள். ரஷ்ய மொழியில் கரடி 'மெத்வேத்'. 'தேனை அறிந்தவன்' என்று ரஷ்யர்களே விளக்கம் சொல்வதுண்டு. தப்பு. பின்பாதி 'அறி' அல்ல, 'தின்' என்ற வினை. முன்பாதி தேன்; நாம் வாங்கிய 'மது'வுக்கு உறவு. ரிக் வேதத்தில் தேனுண்ணும் பறவைகளுக்கு வரும் 'மத்வத்' என்ற அடைமொழியும் இதே கட்டுமானம்தான்: மது, அத். கரடியின் உண்மையான பழம்பெயரைச் சொல்ல அஞ்சியே இப்படி அழைத்தார்கள் என்பது அறிஞர்கள் பலரின் கருத்து.

சரி, அந்த 'அறி' வினை என்ன ஆனது? இன்றைய ரஷ்யப் பேச்சில் 'ஸ்னாத்' வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. செக்கில் இன்றும் அன்றாடச் சொல். அதே வேரிலிருந்து செக்காரர் அறிவியலுக்கு 'வியெதா' என்கிறார். ரஷ்யர் சூனியக்காரியை 'வியேத்மா' என்கிறார்.