நைட்டியா, மீனா?

(கேரளா போகிற ரோட்டோரத்தில், வண்டி ஒயரிங் பார்க்கும் அண்ணாச்சியின் கடை. பைக்கில் ஸ்பீக்கர் மாட்ட ஒரு தம்பி வந்து நிற்கிறார்.)

தம்பி: பேட்டரியிலிருந்து நேராக லைன் எடுங்கள் அண்ணாச்சி. ஸ்பீக்கர் இரண்டும் முன்பக்கம், கிராஷ் கார்டு கம்பியில் வரட்டும்.

அண்ணாச்சி: எடுத்துவிடலாம். மைக்கை எங்கே மாட்ட?

தம்பி: மைக்கா? மைக் எதற்கு?

அண்ணாச்சி: ஓ, குரலைப் பதிவு செய்து பென்டிரைவில் கொண்டுவந்திருக்கிறீர்களா? அதுதான் நல்லது. தொண்டை தப்பிக்கும். என்ன வியாபாரம்?

தம்பி: வியாபாரமெல்லாம் இல்லை, டூரிங். விருதுநகரிலிருந்து வருகிறேன். ஆரியங்காவு, தென்மலை, கொல்லம், வர்க்கலை என்று ஒரு சுற்று.

அண்ணாச்சி: நல்ல லைன்தான். பின்னால் ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி இருக்கிறதே, மீனா?

தம்பி: அது பேனியர் அண்ணாச்சி! உள்ளே துணி.

அண்ணாச்சி: நைட்டியா? புளியரையில் நன்றாகப் போகும்.

தம்பி: என் துணி! நான் போட்டுக்கொள்கிற துணி!

அண்ணாச்சி: பழைய துணியா? அப்போ பாத்திரம் எங்கே? பாத்திரம் கொடுக்காமல் பழைய துணி எப்படிச் சேரும்?

தம்பி: அண்ணாச்சி, நான் எதையும் விற்கவில்லை. பாட்டுக் கேட்கப் போகிறேன். இந்த ஆம்ப்ளிஃபயரைப் பாருங்கள், ஆயிரம் வாட்ஸ். அட்டையிலேயே போட்டிருக்கிறது.

அண்ணாச்சி: அட்டையில் போட்டது அட்டைக்கு. (திருப்பிப் பார்த்து) ஃபியூஸ் என்ன போட்டிருக்கிறான்? 15 ஆம்பியர். பேட்டரி 12 வோல்ட். பெருக்குங்கள்.

தம்பி: 180.

அண்ணாச்சி: வண்டி ஓடும்போது 14 வோல்ட் வரும், அதையே வையுங்கள். 210. அதிலும் கொஞ்சம் சூடாகப் போய்விடும், மீதிதான் சத்தம். 210-ஐத் தின்றுவிட்டு ஆயிரத்தைக் கக்கும் என்றால், இந்தப் பெட்டி இருக்கவேண்டிய இடம் கூடங்குளம்.

தம்பி: அப்போ ஏமாற்றிவிட்டானா?

அண்ணாச்சி: ஒரு நொடி எட்டிப்பார்க்கிற உச்சத்தை, பீக்கைச் சொல்லி விற்பான். வாங்கும்போது ஆர்எம்எஸ், அதாவது விடாமல் தருகிற வாட்ஸ், எவ்வளவு என்று கேட்கணும். அதை விடுங்கள், உங்கள் தொழிலுக்கு இது தாராளம். நம்ம உப்புக்காரர் சின்னதாக ஒரு குழாய் ஸ்பீக்கர்தான் வைத்திருக்கிறார், மூன்று தெருவுக்குக் கேட்கும்.

தம்பி: எனக்குத் தொழில் இல்லை!

அண்ணாச்சி: வருத்தப்படாதீர்கள். நைட்டியில் ஆரம்பியுங்கள்.

தம்பி: எனக்கு பேஸ் வேண்டும் அண்ணாச்சி. நெஞ்சு அதிரணும்.

அண்ணாச்சி: காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அதிரும். திறந்த ரோட்டில் பேஸை எந்தச் சுவர் பிடித்து நிறுத்தும்? சரி, 80-ல் போகும்போது ஹெல்மெட்டுக்குள் உங்களுக்கு என்ன கேட்கிறது?

தம்பி: காற்று.

அண்ணாச்சி: பாட்டு?

தம்பி: கொஞ்சம்... வால்யூமை முழுசாக வைத்தால் கேட்கும்.

அண்ணாச்சி: ஆக, காற்று உங்களுக்கு, பாட்டு எங்களுக்கு.

(எழுதுகிறவன் ஒரு நிமிடம் குறுக்கே வருகிறேன். குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த ரோட்டோரத்து வீடுகளில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எந்தப் பாட்டும் முழுசாக வராது. பல்லவியில் ரெண்டு வரி ஒரு வண்டியில் போகும், அடுத்த வண்டி வேறொரு பாட்டின் நடுவில் வந்து நுழையும். தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டுக்காரி எந்த வண்டியைத் திட்டுவாள்? திட்டி முடிப்பதற்குள் வண்டி கேரளாவில் இருக்கும்.)

தம்பி: பாட்டு கேட்டால் சந்தோஷம்தானே அண்ணாச்சி? நாலு பேர் சேர்ந்து கேட்கட்டுமே.

அண்ணாச்சி: மேலே எஸ் வளைவு. லாரி ஹாரன் அடித்துக்கொண்டு இறங்கும். அது நாலு பேரில் ஒருவருக்குக் கேட்கணும். முக்கியமாக உங்களுக்கு.

தம்பி: அங்கே குறைத்துக்கொள்வேன்.

அண்ணாச்சி: ஆரியங்காவு தாண்டினால் மோட்டார் வாகனத் துறைக்காரர் நிற்பார். வண்டியில் ஆல்டரேஷன் என்றாலே 1988 சட்டம், 52-ஆம் பிரிவு என்று ஆரம்பிப்பார். அங்கேயும் குறைப்பீர்கள். தென்மலையில் செந்துருணி சரணாலயம். அங்கே குறைப்பீர்களா, இல்லை, யானைக்கும் நைட்டி விற்கப் போகிறீர்களா?

தம்பி: நைட்டியை விடுங்கள் அண்ணாச்சி! உங்கள் ஊர்க் கோயில் கொடையில் மூன்று நாள் ராத்திரியும் பகலும் குழாய் கட்டுகிறீர்களே, அது மட்டும் சங்கீதமா?

அண்ணாச்சி: அது இரைச்சல்தான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் கொடைக்கு வரி கொடுத்திருக்கிறான். அவன் காசு, அவன் காது. உங்களுக்கு நான் எப்போது வரி கொடுத்தேன்?

தம்பி: ...

அண்ணாச்சி: நீண்டகரை மீனை டிவிஎஸ்ஸில் வைத்து ஒருத்தர் வருகிறார். முக்கில் நின்று ரெண்டு தடவை சத்தம் கொடுப்பார். ஒரு பெண் சட்டியோடு வெளியே வந்தால் உடனே அணைத்துவிடுவார். ஆஸ்பத்திரி பக்கம் வாயே திறக்காது. ஆஸ்பத்திரியிலிருந்து நூறு மீட்டர் அமைதிப் பகுதி என்று 2000-லேயே விதி போட்டுவிட்டார்கள். அவர் விதியைப் படித்து அணைக்கவில்லை. உள்ளே படுத்திருப்பது அவருடைய வாடிக்கைக்காரர். சத்தம் போட்டுப் பிழைக்கிறவருக்கு எங்கே நிறுத்தணும் என்று தெரிகிறது. எதுவும் விற்காதவருக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை.

தம்பி: மாட்டுவீர்களா, மாட்டமாட்டீர்களா?

அண்ணாச்சி: மாட்டாமல் எப்படி? நான் விட்டால் வேறு எங்கேயாவது ஃபியூஸ் இல்லாமல் மாட்டுவீர்கள். ஒயர் சேஸிஸில் உரசித் தோல் உரிந்தால், பேனியரில் இருக்கிற துணியோடு எரியும். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்கணும். சாவி போட்டால்தான் ஆம்ப் எழுந்திருக்கிற மாதிரி ரிலே வைத்துத் தருகிறேன், இல்லாவிட்டால் ராத்திரி முழுக்க பேட்டரியைக் குடிக்கும். எர்த் நேராக பேட்டரி மைனஸுக்கு. பாட்டை ஆம்புக்குக் கொண்டுவருகிற ஆர்சிஏ ஒயரை பவர் ஒயரோடு சேர்த்துக் கட்டினால், ஆக்ஸிலேட்டர் முறுக்க முறுக்க ஸ்பீக்கரில் கொசு பாடும். அதைத் தனியாக இழுக்கிறேன்.

தம்பி: அப்படிச் சொல்லுங்கள்! கூலி எவ்வளவு?

அண்ணாச்சி: ஒயரோடு சேர்த்து 1,500. ஹாண்டில் பாரில் கட்டைவிரல் பக்கம் ஒரு சுவிட்ச் வைக்கிறேன். அது சும்மா.

தம்பி: எதற்கு, சவுண்டு ஏற்றுவதற்கா?

அண்ணாச்சி: அணைப்பதற்கு.

தம்பி: ஐயோ, அது வேண்டாம் அண்ணாச்சி. வண்டி லுக் போய்விடும்.