"சொன்னா போனைப் புடுங்கிருவாங்க டீச்சர்"

போன மாதம் மதியச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசைப் பக்கமே நின்றுகொண்டிருந்தான். என்னடா என்றதும் அழுதுவிட்டான்.

அம்மா போனில் துப்பாக்கி விளையாட்டு ஆடுவான். அதில் பத்து நாளாகக் கூட ஆடிய ஓர் 'அண்ணா', விளையாட்டுக்குள் பொருள் வாங்க உதவும் 'டைமண்ட்' வாங்கித் தருகிறேன் என்று முதலில் அம்மாவின் நம்பரைக் கேட்டிருக்கிறான். அப்புறம் அந்த நம்பருக்கு மெசேஜில் வந்த ஆறு எண்களைக் கேட்டிருக்கிறான். இவன் இரண்டையும் சொல்லிவிட்டான். அந்த ஆறு எண்கள்தான் வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்கிற சாவி. அம்மா பெயரில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் 'அவசரமாப் பணம் வேணும்' என்று போயிருக்கிறது. மாமா ஒருவர் 5,000 ரூபாய் அனுப்பியும் விட்டார்.

வீட்டில் போன் ரிப்பேர் என்று கடைக்குக் கொண்டுபோனார்கள். விஷயம் தெரிந்த பையன் மூன்று நாள் வாயே திறக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்குச் சொன்னதுதான் மேலே தலைப்பாக இருக்கிறது. இணைய மோசடிப் புகார்களுக்கான 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே கூப்பிட்டிருந்தால், பணம் கை மாறுவதற்குள் வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டோம். பணம் போனது போனதுதான்.

பிள்ளைகளுக்கு நாம் இதுவரை சொல்லிக்கொடுத்ததெல்லாம் 'கூடாது' மட்டும்தான். வருஷத்துக்கு ஒரு நாள் யாராவது வந்து கடவுச்சொல்லைப் பத்திரமாக வையுங்கள் என்று பேசிவிட்டுப் போவார்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஏது கடவுச்சொல்? அதன் கையில் இருப்பது அம்மாவின் போன். அதையும் 2020-இல் பள்ளிகளை மூடியபோது வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் அனுப்பி அந்தக் கைகளில் கொடுத்தவர்கள் நாங்கள்தான். கொடுத்தவர்கள் சொல்லித்தரவும் வேண்டும்.

'தெரியாதவரோடு பேசாதே' என்பது இங்கே வேலைக்கு ஆகாது. கேட்டில் நின்று சாக்லேட் நீட்டுகிறவரிடம் போகலாமா என்றால் வகுப்பே 'கூடாது' என்று கத்தும். ஆனால் பத்து நாள் கூட ஆடியவன் பிள்ளைக்குத் தெரியாதவன் இல்லை, அண்ணா. அதனால் ஆள் யார் என்பதை விட்டுவிட்டு, என்ன கேட்கிறார் என்று பார்க்கச் சொல்கிறேன். போனுக்கு வந்த எண்ணைக் கேட்டாலோ, உன் படத்தைக் கேட்டாலோ, 'வீட்டில் சொல்லாதே' என்றாலோ, அது சித்தப்பாவாகவே இருந்தாலும் போனை அப்படியே பெரியவரிடம் கொண்டுபோ. பிறந்தநாள் பரிசை ஒளித்து வைப்பது ஒருநாள் எல்லோருக்கும் தெரியப்போகிற ரகசியம். எப்போதுமே சொல்லக்கூடாது என்கிற ரகசியம் கெட்டது. நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் சொல்லித்தந்த வகுப்புக்கு இது சட்டென்று பிடிபடுகிறது. வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது என்று கரும்பலகை ஓரத்தில் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

ஆஸ்திரேலியா மாதிரித் தடை போடலாமே என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க அங்கே 2025 டிசம்பரிலிருந்து தடை. நம் பிள்ளைகளுக்குக் கணக்கே கிடையாதே, எல்லாம் அம்மா பெயரில் அல்லவா ஓடுகிறது! இந்தப் பாடம் ஒன்றாம் வகுப்பிலிருந்தே பாடப்புத்தகத்தில், வகுப்பு டீச்சர் வாயால், கதையாக வர வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

பெற்றோர் கூட்டத்தில், பிள்ளை வந்து சொன்னால் போனைப் பிடுங்காதீர்கள் என்று சொன்னபோது ஒரு அப்பா எழுந்தார். "அப்போ என்ன தப்புப் பண்ணினாலும் விட்டுடணுமா டீச்சர்?" ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாருக்கும் போன் கிடையாது என்பது வீட்டு விதி, தாராளமாக வையுங்கள். ஆனால் வந்து சொன்னதற்காகப் பிடுங்கினால், அடுத்த தடவை சொல்ல மாட்டான். இப்படித்தான் பதில் சொன்னேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனின் அம்மாதான் அவரிடம் திரும்பி, தன் வீட்டில் நடந்ததை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.