ஷ்வைட்ஸர் வெறும் வியாபாரியா?

அந்தக் கருத்தரங்கப் பேச்சின் காணொளியை நேற்றிலிருந்து ஆளாளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். முழுதாகப் பார்த்துவிட்டேன். மின் லைன்களைப் பாதுகாக்கும் ரிலே என்ற கருவியைச் செய்து விற்ற அமெரிக்கப் பொறியாளர் எட்மண்ட் ஷ்வைட்ஸர் பற்றிய அந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டும் பார்த்தேன். "அவர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த கணக்கை ஒரு டப்பாவில் போட்டு விற்றார். கெட்டிக்கார வியாபாரி, அவ்வளவுதான்." அரங்கம் முழுக்கச் சிரிப்பு, கைதட்டல்.

சிரித்தவர்களில் பாதிப் பேர் நம் மின் துறைக்காரர்கள். தினமும் ரிலே பேனல் முன்னால் நிற்கிறவர்கள். வெளியாள் ஒருவர் சிரித்திருந்தால் இத்தனை எழுதியிருக்க மாட்டேன்.

துறைக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு மின் லைனில் மரம் சாய்ந்தாலோ, இன்சுலேட்டரில் இடி விழுந்தாலோ, அந்த லைனை மட்டும் சட்டென்று துண்டித்தாக வேண்டும். துண்டிப்பது பிரேக்கர். துண்டிக்கச் சொல்வது ரிலே. மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பார்த்து, கோளாறு தன் லைனில்தானா, வேறு லைனிலா என்று அது முடிவெடுக்க வேண்டும். கண் இமைப்பதற்குள் அந்த முடிவு வந்தாக வேண்டும். தாமதித்தால் டிரான்ஸ்ஃபார்மர் போகும். அவசரப்பட்டால் நல்ல லைன் போகும். 1965 நவம்பரில் கனடாவின் ஒண்டாரியோவில் ஒரு மின்நிலையத்தில், மிகக் குறைவாக செட்டிங் வைக்கப்பட்ட ஒரே ஒரு ரிலே ட்ரிப் (துண்டிக்கும் உத்தரவு) கொடுத்ததில் தொடங்கி, நியூயார்க் வரை ஏறக்குறைய 3 கோடிப் பேர் இருளில் கிடந்தார்கள். இந்த வேலையின் கனம் அவ்வளவு.

இந்த ரிலே பல பத்தாண்டுகளாக சுழலும் தட்டும் சுருளும் ஸ்பிரிங்கும்தான். அதற்குள் மைக்ரோபிராசஸரை வைத்து, விலைக்கு வாங்கும் பொருளாக சப்ஸ்டேஷனுக்குள் கொண்டுவந்தவர் ஷ்வைட்ஸர். வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1977-இல் முனைவர் பட்டம். ஆய்வே டிஜிட்டல் பாதுகாப்பு பற்றியதுதான். கொஞ்ச காலம் வேறு இடத்தில் பேராசிரியர், பிறகு அதே பல்கலைக்கழகத்தில். 1982-இல் புல்மன் என்ற சிறிய ஊரில், தன் வீட்டின் அடித்தளத்தில் எஸ்.இ.எல். (ஷ்வைட்ஸர் இன்ஜினியரிங் லேபரட்டரீஸ்) நிறுவனத்தைத் தொடங்கினார். 1984-இல் முதல் ரிலே, எஸ்.இ.எல்.-21, மினசோட்டாவில் உள்ள ஒரு மின் நிறுவனத்துக்குப் போனது. பழைய ரிலே தொகுதியோடு ஒப்பிட்டால் அளவும் எடையும் விலையும் வெகுவாகக் குறைவு. இதைத்தான் "டப்பாவில் போட்டு விற்றார்" என்று நாலு வார்த்தையில் முடித்துவிட்டார் அந்தப் பேச்சாளர்.

சரி, அவர் பக்கத்தில் இருப்பதிலேயே வலுவான வாதத்தையே எடுத்துக்கொள்கிறேன். "ராக்கஃபெல்லர் 1969-லேயே எழுதிவிட்டாரே?" ஆமாம், எழுதினார். கம்ப்யூட்டரை வைத்து லைனைப் பாதுகாக்கலாம் என்ற ஜார்ஜ் ராக்கஃபெல்லரின் கட்டுரை அந்த ஆண்டுதான் வந்தது. கலிஃபோர்னியாவில் ஒரு 230 கிலோவோல்ட் லைனில் வெஸ்டிங்ஹவுஸ்காரர்கள் சோதித்தும் பார்த்தார்கள். கம்ப்யூட்டர் ரிலே ஆய்வின் முன்னோடிகளான அருண் ஃபட்கேவும் ஜேம்ஸ் தோர்ப்பும் செய்த வேலை இல்லாமல் இன்றைய ரிலே இல்லை. இவர்கள் பெயரைச் சொல்லாமல் ஷ்வைட்ஸரைப் புகழ்வது தப்பு என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். அன்றைக்கு லைன் ஒன்றுக்கு ஒரு மினி கம்ப்யூட்டர் வைக்க வேண்டும். எந்த மின் நிறுவனம் வைக்கும்? கட்டுரையில் இருக்கிற பாதுகாப்பு எந்த லைனைக் காப்பாற்றும்?

சமன்பாடு கையில் இருப்பது ஒன்று. அதை 80-களின் மெதுவான மைக்ரோபிராசஸரில் ஓட வைப்பது வேறொன்று. ஃபால்ட், அதாவது லைனில் கோளாறு, வந்த கணத்தில் மின்னோட்டத்தில் சேர்ந்து வரும் டி.சி. (நேர்மின்னோட்ட) அம்சத்தை வடிகட்ட வேண்டும். ஹார்மானிக்ஸை (அடிப்படை அலையின் மடங்குகளாக வரும் அலைகளை) ஒதுக்க வேண்டும். அமெரிக்காவின் 60 ஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி 17 மில்லிசெகண்ட் கூடக் கிடையாது. அந்த அளவு நேரத்துக்குள் தீர்ப்பு வேண்டும். பக்கத்தில் ஐசொலேட்டரை (லைனைப் பிரிக்கும் சுவிட்சை) திறக்கும்போது வயரில் ஏறும் சர்ஜையும் (திடீர் மின் எழுச்சியையும்), கோடை வெயிலையும், குளிர்காலத்தையும் அந்தப் பெட்டி தாங்க வேண்டும். இத்தனையையும் தாங்கிக்கொண்டு, வருஷக்கணக்கில் சும்மா நின்றிருந்துவிட்டு, ஒரு நாள் ஒரு கணத்தில் சரியாகச் செயல்பட வேண்டும். இது கண்டுபிடிப்பு இல்லையென்றால் வேறு எது? சொல்லுங்கள்.

"தாத்தாவே ஃபியூஸ் கண்டுபிடித்தவர், குடும்பமே மின்சாரக் குடும்பம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். தாத்தா 1909-இல் உயரழுத்த ஃபியூஸ் செய்தார், 1911-இல் சிகாகோவில் கம்பெனி தொடங்கினார். அதற்காகப் பேரன் செய்த ரிலே தானாக ஓடிவிடுமா? இதற்கு மேல் இதற்குப் பதில் இல்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எங்கள் ரிலே அறையில் எல்லாம் தட்டும் சுருளும் வைத்த பழைய எலக்ட்ரோமெக்கானிக்கல் ரிலேதான். இரவில் மழையோடு லைன் ட்ரிப் ஆனால் பேனலில் அடையாளத்துக்கு ஒரு சிறு கொடி விழும். எந்த ஃபேஸ் (மூன்று கம்பிகளில் எது), எந்த ஜோன் (கிட்டவா, தூரமா) என்று மட்டும் தெரியும். எங்கே என்று தெரியாது. லைன் பேட்ரோல் போக வேண்டும். டவர் டவராக, வயல் வழியாகவும் முள்ளுக்காடு வழியாகவும், டார்ச் அடித்து இன்சுலேட்டரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். எங்கள் லைன்மேன் அண்ணன் ஒருவர் பாம்பு பயத்தில் கம்பைத் தட்டிக்கொண்டே முன்னால் போவார், நான் பின்னால் போவேன். விடிய விடிய நடந்தும் ஒன்றும் கிடைக்காமல், டெஸ்ட் சார்ஜ் (லைனுக்குச் சோதனையாக மறுபடி மின்சாரம்) போட்டுப் பார்த்து மறுபடி ட்ரிப் ஆன இரவுகள் உண்டு.

பிறகு மைக்ரோபிராசஸர் வைத்த நியூமெரிக்கல் ரிலே வந்தது. ட்ரிப் ஆனதும் திரையில் கிலோமீட்டர் காட்டியது. முதல் தடவை யாரும் நம்பவில்லை. அந்த அண்ணன் மட்டும், "தம்பி, அது சொல்ற இடத்துக்கே போயிப் பாப்போம்" என்றார். போனோம். அடுத்தடுத்த இரண்டு டவர்களுக்குள் உடைந்த இன்சுலேட்டர் டிஸ்க் கிடைத்தது. அன்றிலிருந்து போனை எடுத்தால் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் காட்டுது தம்பி?" எங்கள் அறையில் இருந்தது எந்தக் கம்பெனி ரிலே என்பது இங்கே முக்கியமில்லை. பாதுகாக்கிற ரிலேயே தூரத்தையும் கணக்கிட்டுச் சொல்லும், ஃபால்ட் நேரத்து அலைவடிவத்தையும் சேமித்துத் தரும் என்ற வழக்கத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்த பெட்டி எஸ்.இ.எல்.-21. அந்த அண்ணனின் காலுக்கு எவ்வளவு நடை மிச்சமானது என்று மேடையில் பேசியவருக்குத் தெரிய வேண்டும்.

"பழைய ரிலே நாற்பது வருஷம் உழைத்தது சார்" என்பார்கள். உழைத்தது. நான் கையால் துடைத்து, காண்டாக்ட் தேய்த்து, டைம் டயல் சரிபார்த்த ரிலேக்கள் அவை. அவற்றின் மேல் எனக்கு மரியாதை இல்லாமல் இல்லை. ஆனால் அது உள்ளே செத்துப்போயிருந்தால் யாருக்குத் தெரியும்? அடுத்த டெஸ்டில் தெரியும், இல்லையென்றால் அடுத்த ஃபால்டில் தெரியும். நியூமெரிக்கல் ரிலே தன்னைத் தானே ஓயாமல் சோதித்துக்கொண்டு, பழுதானால் அலாரம் கொடுக்கும். இந்த ஒன்றுக்காகவே நான் ஷ்வைட்ஸருக்குக் கடன்பட்டவன். ஹேக் செய்துவிடுவார்கள் என்ற பயம் நியாயமானது. அதைத் தனியாகப் பேசலாம், இங்கே கலக்க வேண்டாம்.

இப்போது "வியாபாரி" என்ற வார்த்தைக்கு வருகிறேன். அதைச் சொன்ன தொனியில்தான் எனக்கு வலித்தது. ஆம், அவர் விற்றார். விற்ற பொருளுக்குப் பத்து வருஷம் உத்தரவாதம் கொடுத்தார். 2009-இல் நிறுவனம் முழுக்கவே ஊழியர்களுக்குச் சொந்தமானது. அவருடைய பொறியாளர்கள் எழுதிய தொழில்நுட்பக் கட்டுரைகள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இலவசமாகக் கிடக்கின்றன. செட்டிங் கணக்குப் போடும் எத்தனை பேர் அவற்றிலிருந்து கற்றோம்? எழுபதை ஒட்டிய வயதில் பயண அலையை வைத்து இயங்கும் ரிலேவில் இறங்கினார். ஃபால்ட் நடந்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஒளி வேகத்தில் லைன் வழியே ஓடிவரும் அலையை, நொடிக்குப் பத்து லட்சம் தடவை அளந்து பிடிக்கிற பெட்டி. காசு சேர்த்தாயிற்று, போதும் என்று நினைப்பவர் அந்த வயதில் இதைச் செய்வாரா?

நம்மிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. கட்டுரை எழுதினால் மேதை. அதையே பொருளாகச் செய்து, பில் போட்டு, ராத்திரி போன் வந்தால் எடுத்துப் பதில் சொன்னால் ஒரு படி கீழே. நான் ஒரு காலத்தில் ரிலே பதிவுகளைத் திரட்டி, லைன் வரைபடத்தில் டவர் எண்ணைக் காட்டும் ஒரு மென்பொருளை எழுதினேன். வேலை செய்தது. பக்கத்து சப்ஸ்டேஷன்காரர்கள் கேட்டார்கள். மேலே இருந்தவர், "விற்கிற வேலையெல்லாம் நமக்கு எதுக்கு? அறிக்கையா எழுதிக் கொடுங்க" என்றார். கொடுத்தேன். அறிக்கை அலமாரிக்குப் போனது, லைன்மேன்கள் மறுபடி நடக்கப் போனார்கள். பல வருஷமாகியும் எனக்கு அது ஆறவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு பையன் இப்போது ராஜினாமா செய்துவிட்டு ரிலே சோதிக்கும் கருவி செய்கிறான். அவனைப் பார்த்தும் இதே சிரிப்பைச் சிரிக்கிறார்கள். நேற்று அந்தக் காணொளி அவனுக்கும் போயிருக்கிறது. "அண்ணா, நம்மளப் பத்தியும் இப்படித்தான் சொல்வாங்களா?" என்று கேட்டான். அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அவனுடைய கருவியை நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன், ட்ரிப் நேரத்தைச் சரியாக அளக்கிறது. வேண்டியவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், எண் தருகிறேன்.

தனிநபர் துதி என்று எழுத வருபவர்கள் வரட்டும். ஆனால் பதிலை ஒரு கேள்வியிலிருந்து தொடங்குங்கள்: கணக்கு 1969-லேயே இருந்ததென்றால், 1984 வரை அது ஏன் ஒரு சாதாரண ரிலே பேனலுக்குள் வரவில்லை?