தாமஸ் ஃபவுண்டன் புளூவின் நூலகம்

நூலகம் என்றாலே கட்டிடத்துக்குப் பணம் கொடுத்தவர் பெயரைத்தான் சொல்கிறோம். அதை நடத்தியவர் பெயர் யாருக்கும் தெரிவதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே வருத்தம் உண்டு.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், பத்தாவது தெருவும் செஸ்ட்நட் தெருவும் சேரும் முனையில் வெஸ்டர்ன் கிளை நூலகம் இருக்கிறது. எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னேகியின் பணத்தில் கட்டி 1908-ல் திறந்தார்கள். ஆனால் நூலகம் பிறந்தது அதற்கு மூன்று வருடம் முன்னால், ஒரு வீட்டில் வாடகைக்கு எடுத்த மூன்று அறைகளில். ஊரின் பெரிய நூலகம் அப்போது வெள்ளையருக்கு மட்டும்தான், அந்தப் பெரிய கட்டிடத்துக்கும் கார்னேகி பணம்தான் போனது என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. ஆல்பர்ட் மேசீக் என்ற தலைமையாசிரியர் விடாமல் கேட்டதால்தான் கறுப்பின மக்களுக்கு ஒரு கிளையாவது கிடைத்தது.

அதன் பொறுப்பை ஏற்றவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ. அடிமைகளாக இருந்த பெற்றோரின் பிள்ளை. படித்தது இறையியல், நூலகப் படிப்பு இல்லை. 1905 முதல் 1935-ல் இறக்கும் வரை அதிலேயே இருந்தார். குழந்தைகள் பகுதியை ரேச்சல் ஹாரிஸ் பார்த்துக்கொண்டார். தென் மாநிலங்களில் கறுப்பினத்தவருக்கு நூலகப் பயிற்சி தர வேறு இடமே இல்லாத காலத்தில் புளூ தானே வகுப்பு நடத்தினார், மற்ற ஊர்களிலிருந்தும் ஆட்கள் வந்து கற்றுக்கொண்டு போய் அவரவர் ஊரில் நூலகம் நடத்தினார்கள். வர்ஜீனியா மாநிலத்து ஹாம்ப்டனில் அவர்களுக்கென்று முறையான நூலகப் பள்ளி வந்ததே 1925-ல்தான்.

சரி, கார்னேகிக்கும் நியாயம் செய்ய வேண்டும். தந்தி கொண்டுபோய்க் கொடுக்கும் பையனாக இருந்தபோது கர்னல் ஆண்டர்சன் என்பவர் சனிக்கிழமைதோறும் இரவல் கொடுத்த புத்தகங்களைப் படித்து வளர்ந்தவர் அவர். அவர் கொடுத்த கட்டிடங்களை விட அவர் போட்ட நிபந்தனைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: நிலம் ஊர் தர வேண்டும், கொடுத்த தொகையில் 10 சதவீதத்தை வருடாவருடம் நூலகச் செலவுக்கு ஊரே ஒதுக்க வேண்டும். கட்டிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டால் சம்பளத்துக்கும் புத்தகத்துக்கும் வழியில்லாமல் பூட்டுதான் தொங்கும். கட்டிடத்துக்குக் கொடுக்க ஆள் கிடைப்பது போல இதற்குக் கிடைப்பதில்லை.

2001-ல் இதே நூலகத்துக்குப் பாடகர் பிரின்ஸ் 12,000 டாலர் கொடுத்தார். கல்வெட்டு கிடையாது, பெயர் கூட வெளியே வரக்கூடாது என்றுதான் கொடுத்தார். 2016-ல் அவர் இறந்த பிறகே ஊருக்குத் தெரிந்தது.

அந்தக் கட்டிடம் இன்றும் நூலகமாகத்தான் இயங்குகிறது. உள்ளே கறுப்பின மக்களின் வரலாற்று ஆவணங்களுக்கென்று ஒரு காப்பகம் வைத்திருக்கிறார்கள். புளூவின் ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன.