இன்யோவில் முதலில் வாய்க்கால் வெட்டியவர்கள்

கலிஃபோர்னியாவின் இன்யோ கவுண்டி பற்றிப் பேச்சு வந்தாலே பலருக்கும் கதை 1913இல்தான் தொடங்குகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 233 மைல் நீளத்துக்குக் கால்வாய் கட்டி ஓவன்ஸ் ஆற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனது, விவசாயிகள் நொடித்துப் போனார்கள், ஓவன்ஸ் ஏரி வறண்டு புழுதிக்காடானது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த விவசாயிகளுக்கு நிலம் எப்படி வந்தது? எனக்கு உறுத்துவது அதுதான்.

வெள்ளையர் வருமுன்பே அங்கே பையூட் என்ற பூர்வகுடி மக்கள் பாசனம் செய்துகொண்டிருந்தார்கள். சியரா நெவாடா மலைத்தொடரின் பனி உருகி வரும் ஓடைகளை மறித்து, மைல்கணக்கில் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சினார்கள். எதற்குத் தெரியுமா? கோரைக்கிழங்குக்கு! நாம் களை என்று பிடுங்கி எறிகிற கோரையின் இனம்தான். தானாக முளைத்ததற்குத் தண்ணீர் விட்டு, கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். தண்ணீர் பாய்ச்சும் பொறுப்புக்கு வசந்தகாலத்தில் ஊர் கூடி ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கமும் இருந்தது. உழவு இல்லை, வேலி இல்லை. அதனால் வந்தவர்கள் கண்ணுக்கு அது வெறும் புல்வெளி. 1861இல் மாடுகளை ஓட்டிவந்து மேயவிட்டார்கள்.

மாடு மேய்ந்தபின் கிழங்குக்கு எங்கே போவது? அந்தக் குளிர்காலம் வேறு படுமோசம். பசித்தவர்கள் மாடுகளை அடித்துத் தின்றார்கள். சண்டை மூண்டது. 1862 ஜூலை 4 அன்று ராணுவம் முகாம் போட்டது. சுதந்திர தினமாயிற்றே, அதற்குப் பெயர் 'இண்டிபெண்டன்ஸ்'. மறு ஆண்டு ஜூலையில் ஏறத்தாழ 900 பையூட் மக்களை அங்கிருந்துதான் தெற்கே டெஹோன் கோட்டைக்குத் துரத்தினார்கள். மூன்றே வருடத்தில், 1866இல், இன்யோ தனிக் கவுண்டி ஆனது. இன்றும் அதன் தலைநகர் இண்டிபெண்டன்ஸ்தான். கவுண்டியின் பெயர் மட்டும் பையூட் சொல்லாம்!

அப்புறம் செரோ கோர்டோ வெள்ளிச் சுரங்கம், 1872 நிலநடுக்கம் என்று வரலாறு போகும். தப்பித் திரும்பிய பையூட்கள் பலர், தங்கள் நிலத்திலேயே கூலிக்கு வேலை பார்த்தார்கள்.

1924 நவம்பரில் ஓவன்ஸ் பள்ளத்தாக்கு மக்கள் லாஸ் ஏஞ்சலஸ் கால்வாயின் 'அலபாமா' என்ற மதகைக் கைப்பற்றி, கால்வாய்த் தண்ணீரை நான்கு நாள் ஆற்றிலேயே திருப்பிவிட்டார்கள். படிக்கும்போது நானும் அவர்கள் பக்கம்தான். சரி, அந்தத் தண்ணீரை அவர்களுக்கு முன்னால் இழந்தவர்களின் பங்கு? 1930களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் மத்திய அரசோடு பேசி, பையூட்களுக்கென்று இருந்த நிலத்தை வாங்கிக்கொண்டு மாற்று நிலம் கொடுத்தது. நீர் உரிமையை மட்டும் அதில் சேர்க்கவில்லை. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை.