மேன்முறையீட்டில் வழக்குத்தொடுநர் தரப்பின் பணி: ஒரு திருத்தம்

"மேன்முறையீடு செய்துவிட்டால் பொலிஸார் சாட்சிகளை மீண்டும் அழைத்துவர வேண்டும், சாட்சி வராவிட்டால் விடுதலைதான்" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. இதை நம்பி மேன்முறையீடு செய்வதற்காக நமது தோட்டத்துக் குடும்பங்கள் கடன்பட்டுவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். ஹட்டன் நீதவானின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்கும், மேல் நீதிமன்றம் விசாரித்தளித்த தீர்ப்புக்கு எதிரானது கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் செல்லும்போது, விசாரணையில் ஏற்கெனவே பதிவான சாட்சியங்களைக் கொண்டே நீதிபதிகள் வழமையாக ஆராய்வார்கள். புதிய சாட்சியம் ஏற்கப்படுவது அரிது. அங்கே வழக்குத்தொடுநர் தரப்பான அரசுக்காக, அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபர் சார்பில் அரச சட்டத்தரணி வாதிடுவார். ஆனால் தண்டனையை எப்படியாவது காப்பாற்றுவது அவரது கடமையன்று. சான்று போதாது என்று கண்டால் அதை நீதிமன்றிலேயே அவர் ஒப்புக்கொள்ளலாம். நீதவான் விடுவித்த ஒருவருக்கு எதிராக முறைப்பாட்டாளர் மேன்முறையீடு செய்வதற்கும், 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, சட்டமா அதிபரின் எழுத்துமூல அனுமதி தேவை.